லிப்ட் போட்ட வண்டி, பச்சை நிற அலைன்மென்ட் சீட்டு, தீராத இழுப்பு

"அலைன்மென்ட் பண்ணியாச்சுங்கண்ணா, சீட்டுல எல்லாம் பச்சையாத்தான் இருக்கு. ஆனா வண்டி இன்னும் லெஃப்ட்லயே இழுக்குதுங்க." கோவையில் சஸ்பென்ஷன், அலைன்மென்ட் வேலை பார்க்கும் எனக்கு, லிப்ட் போட்ட, அதாவது தரையிலிருந்து உயர்த்திய, தார், ஜிம்னி வண்டிகளை வைத்திருப்பவர்களிடமிருந்து அடிக்கடி வரும் புகார் இது. பலரும் அதற்குள் இரண்டு மூன்று கடைகள் ஏறி இறங்கியிருப்பார்கள். ஒவ்வொரு கடையிலும் டை ராடைத் திருகி, டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சரிசெய்து, எல்லாம் சரி என்று மெஷின் பச்சையில் காட்டும் சீட்டைக் கையில் கொடுத்திருப்பார்கள். இழுப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

இருக்கத்தான் செய்யும். ஏனென்றால் முன்சக்கர டோ தப்பாக இருப்பதால் வண்டி ஒரு பக்கம் இழுப்பதில்லை. ஓடும்போது இரண்டு முன்சக்கரங்களும் அந்தத் தப்பை ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு நேராகவே போகும். ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்கும், டயர் ரம்பப் பல் போலத் தேயும், அவ்வளவுதான். இழுப்புக்குக் காரணமாகும் கோணங்கள் கேம்பரும் காஸ்டரும். அதிலும் முக்கியமானது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே அவற்றில் உள்ள வித்தியாசம். வண்டிக்கு முன்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் நின்று பார்த்தால், சக்கரம் எந்த அச்சில் திரும்புகிறதோ அது பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு காஸ்டர். திருப்பிய ஸ்டியரிங்கை விட்டதும் தானாக நேருக்கு வரவைப்பது இந்தக் காஸ்டர்தான். எந்தப் பக்கம் காஸ்டர் குறைவோ, அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். எந்தப் பக்கம் சக்கரத்தின் தலை அதிகமாக வெளியே சாய்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமும் இழுக்கும். பொதுவாக இரண்டு பக்கத்துக்கும் அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நான் அதை விடமாட்டேன்.

மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டிப் பார்க்காமல் நேராக ரேம்ப்பில் ஏற்றும் கடையை நான் நம்புவதில்லை. கையை லேசாகத் தளர்த்தினால் ஒரே பக்கமாக, ஒரே வேகத்தில் விலகுகிறதா? இல்லை, இரண்டு பக்கமும் அலைபாய்ந்து, ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதா? வண்டி நேராகப் போகிறது, ஸ்டியரிங் வீல் மட்டும் கோணலாக நிற்கிறதா? பிரேக் பிடித்தால் மட்டும் இழுக்கிறதா? ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம் போகிறதா? வந்தவர் எல்லாவற்றையும் 'இழுக்குது' என்றே சொல்வார். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் பின் ஆக்ஸிலைப் பிடிக்கும் ஆர்ம்களின் ரப்பர் புஷ் கிழிந்ததால் வருவது. அதை முன்சக்கரத்தில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

ரோட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். மழைத்தண்ணீர் வடிவதற்காக ரோட்டின் நடுவை உயர்த்தி, ஓரங்களைச் சரித்துப் போடுகிறார்கள். நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம், அதனால் நல்ல வண்டிகூட மெதுவாக இடது ஓரத்துக்கு ஒதுங்கும். ஆள் நடமாட்டம் இல்லாத, சமதளமான பெரிய மைதானத்தில் மெதுவாக இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். அங்கே நேராகப் போகும் வண்டி ரோட்டில் மட்டும் இடதுபக்கம் போனால், அது ரோட்டின் சரிவு. ஆனால் லிப்ட் போடுவதற்கு முன்னால் அதே ரோட்டில் அப்படி இல்லையே என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. அதற்குப் பதில் உங்கள் வண்டியின் முன் ஆக்ஸிலில் இருக்கிறது.

ஜிம்னிக்கு முன்னாலும் பின்னாலும் முழு ஆக்ஸில். இடது சக்கரமும் வலது சக்கரமும் ஒரே குழாயின் இரண்டு முனைகளில் இருக்கின்றன. 50 மி.மீ. உயரமான ஸ்பிரிங் போட்டால் கேம்பர் மாறாது. ஆனால் ஆக்ஸிலைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்ம்கள் கீழ்நோக்கிச் சாய, ஆக்ஸில் முழுதுமாக முன்பக்கம் உருண்டு, இரண்டு பக்கமும் காஸ்டர் ஒன்றுபோலக் குறைகிறது. அதனால் லிப்ட் மட்டும் போட்ட ஜிம்னி இழுக்காது, அலையும். ஸ்டியரிங் தானாக நேருக்கு வர மறுக்கும். ரோட்டுச் சரிவு முன்னைவிட அதிகமாக உறைக்கும். இதைத்தான் பலர் 'லெஃப்ட்ல இழுக்குது' என்கிறார்கள். இதற்கு மருந்து காஸ்டரைத் திரும்பக் கொண்டுவருவது. துளை நடுவில் இல்லாமல் தள்ளியிருக்கும் காஸ்டர் புஷ்களோ, வேறு ரேடியஸ் ஆர்ம்களோ போட வேண்டும். டோவைத் திருகிப் பயனில்லை.

அதே ஜிம்னியில் காஸ்டரோ கேம்பரோ இரண்டு பக்கமும் வேறுவேறாகக் காட்டினால் எனக்கு உடனே கவலை வந்துவிடும். ஒரே குழாயில் இருக்கும் இரண்டு முனைகள் எப்படி மாறும்? ஆக்ஸில் வளைந்திருக்கலாம், சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிள் வளைந்திருக்கலாம், அந்த நக்கிள் திரும்பும் கிங்பின்னின் பேரிங் தேய்ந்திருக்கலாம். பாறையில் ஓங்கி அடிபட்ட வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராட். அதன் ஒரு முனை சேஸிஸில், மறுமுனை ஆக்ஸிலில். அதன் நீளம் மாறாது என்பதால், வண்டி உயரும்போது பாடிக்குக் கீழே ஆக்ஸில் ஒரு பக்கம் தள்ளிப்போகும். முன்னால், ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியான டிராக் லிங்க்கின் கோணமும் மாறுவதால் ஸ்டியரிங் வீல் நடுவில் நிற்காது. இதை டிராக் லிங்க்கில்தான் சரிசெய்ய வேண்டும். சில இடங்களில் ஸ்டியரிங் வீலைக் கழற்றி, பல் மாற்றி மாட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஸ்டியரிங் கோணத்தைப் படிக்கும் சென்சார், நேராக ஓடும் வண்டியை வளைவில் போவதாக நினைக்கும். வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்பி அந்தத் தகவலை நம்பித்தான் தனியொரு சக்கரத்துக்குப் பிரேக் கொடுக்கிறது.

தாரின் கதை வேறு. 2020-க்கு முந்தைய தாரின் சிஆர்டிஇ (CRDe) டீசல் மாடலில் முன்னால் டார்ஷன் பார் (முறுக்கப்பட்டே ஸ்பிரிங்காக வேலை செய்யும் கம்பி) வைத்த தனித்தனி சஸ்பென்ஷன், 2020-இல் வந்த தாரில் காயில் ஸ்பிரிங் வைத்த டபுள் விஷ்போன் (மேலொன்று கீழொன்றாக இரண்டு ஆர்ம்கள்). இரண்டிலும் ஒவ்வொரு முன்சக்கரமும் தன் கணக்கில் மேலே கீழே போகிறது. உயர்த்தும்போது கேம்பர், காஸ்டர், டோ மூன்றும் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாக மாறும். அதனால் இந்த வண்டிகளில் லிப்ட்டே நேரடியாக இழுப்பை உண்டாக்கும். அந்தப் பழைய தாரில் டார்ஷன் பாரின் போல்ட்டைத் திருகியே முன்பக்கத்தை உயர்த்திவிடலாம் என்பதால் செலவில்லாத லிப்ட் என்று பலர் செய்கிறார்கள். இடது பக்கம் நாலு சுற்று, வலது பக்கம் நாலு சுற்று என்று எண்ணித் திருகினால் உயரம் சமமாகிவிடாது. ஆண்டுக்கணக்கில் பாரம் சுமந்த இரண்டு பார்களும் ஒன்றுபோல இருப்பதில்லை. புதிய தாரில் ஸ்பிரிங்குக்கு மேல் வைக்கும் ஸ்பேசர், லோயர் ஆர்மின் இடைப்பகுதியில் அழுத்துகிறது. அதனால் சக்கரத்தில் கிடைக்கும் உயரம் ஸ்பேசரின் கனத்தைவிட அதிகம். இரண்டு ஸ்பேசர்களில் ஒன்று கொஞ்சம் கனமாக இருந்தாலும் சக்கரத்தில் அந்த வித்தியாசம் பெரிதாகும்.

எனவே முதல் கருவி அளவு டேப். சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் ஒரே காற்று வைத்து, சக்கரத்தின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து எழுதுங்கள். இடது வலது உயரம் சமமாக வராமல் அலைன்மென்ட் பண்ணுவது வீண்வேலை. பிறகு முன் ஹப் மையத்திலிருந்து பின் ஹப் மையம் வரை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். பழைய தாரின் பின்பக்கம் லீஃப் ஸ்பிரிங். யூ போல்ட் தளர்ந்தோ சென்டர் போல்ட் அறுந்தோ பின் ஆக்ஸில் ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் இந்த அளவில் தெரிந்துவிடும்.

லிப்ட் கிட் மாட்டியவர் புஷ் போல்ட்களை எப்போது முறுக்கினார் என்றும் கேளுங்கள். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் உயரம் பிடிக்கும், புஷ் சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும்போதுதான் கடைசி முறுக்கு. என் பட்டறைக்கு வரும் லிப்ட் வண்டிகளில் எல்லாப் புஷ் போல்ட்களையும் தளர்த்தி, வண்டியைக் குலுக்கி உட்காரவைத்து மறுபடி முறுக்குவேன். அதிலேயே உயர வித்தியாசம் குறைந்துவிடும் வண்டிகளும் உண்டு.

டயரும் பிரேக்கும் அலைன்மென்ட் கடையில் அதிகம் தப்பிவிடுகிற காரணங்கள். மண்ணில் ஓட்ட 18 பிஎஸ்ஐ-க்கு இறக்கி, திரும்பும்போது சிறிய கம்ப்ரஸரில் ஏற்றியிருப்பீர்கள். காற்று குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். காற்று சரியாக இருந்தும் இழுத்தால், இரண்டு முன் டயர்களையும் இடம் மாற்றி ஓட்டுங்கள். இழுப்பு பக்கம் மாறினாலோ மறைந்தாலோ குற்றம் டயரில். புது டயரிலும் பெல்ட் சற்று ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தால் அது ஒரு பக்கம் உருளத்தான் பார்க்கும். மெஷின் இதைக் காட்டாது. ஒரே திசையில் ஓட வேண்டிய அம்புக்குறி போட்ட டயர் என்றால், அந்தந்தப் பக்கத்திலேயே முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் பாருங்கள்.

ஆற்றிலும் சேற்றிலும் இறங்கிய வண்டியில் காலிபரின் ஸ்லைடு பின் துருப்பிடித்து இறுகி, ஒரு பக்க பிரேக் முழுதாக விடாமல் இருக்கும். பிரேக் அதிகம் போடாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் இரண்டு முன் டிஸ்க்குகளையும் பாருங்கள். கையால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கை வெந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் நன்றாகச் சூடேறியிருந்தால் வேலை அங்கேதான்.

வலதுபக்கம் திருப்பிவிட்டால் வலதுபக்கமே போகிறது, இடதுபக்கம் திருப்பிவிட்டால் இடதுபக்கமே போகிறது என்றால், எங்கோ ஒரு பால் ஜாயின்டோ கிங்பின்னோ இறுகியிருக்கிறது. லிப்ட்டால் அப்பர் ஆர்ம் அதிகம் சாய்ந்து, பால் ஜாயின்ட் தன் எல்லையில் முட்டிக்கொண்டு நிற்கும்போதும் இப்படி ஆகும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. பால் ஜாயின்ட் பிடுங்கினால் சக்கரம் மடிந்துவிடும், மலைப்பாதை வளைவில் அதற்குப் பிறகு ஓட்டுநர் கையில் எதுவும் இல்லை. ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங் வண்டியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இன்ஜினைப் போடுங்கள். யாரும் தொடாமலே ஸ்டியரிங் ஒரு பக்கம் சுற்றினால், குறை ஸ்டியரிங் பாக்ஸின் வால்வில்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் மெஷின். காஸ்டரை அளக்க, டர்ன் டேபிளில் நிற்கும் சக்கரங்களை இடமும் வலமும் திருப்ப வேண்டும். நேரமாகும் என்று பல கடைகளில் இதைத் தாண்டிவிடுகிறார்கள். சீட்டில் காஸ்டர் கட்டம் காலியாக இருந்தால் அளக்கவே இல்லை என்று அர்த்தம். கனமான எம்டி (சேற்றில் ஓட்டும்) டயரும் பாறையில் உரசிய ரிம்மும் இருக்கும் வண்டியில், மெஷினின் கிளாம்ப்பைச் சக்கரத்தில் மாட்டியதும் வண்டியை உருட்டி ரன் அவுட் (ரிம்மின் கோணலால் வரும் தள்ளாட்டம்) கழிக்காவிட்டால் கேம்பர் எண்ணே பொய்யாகிவிடும். அப்புறம், பச்சை நிறம். ஒரிஜினல் உயரத்துக்குக் கம்பெனி கொடுத்த எல்லைக்குள் எண் இருக்கிறது என்று மட்டுமே அது சொல்கிறது. எல்லை அகலமானது. இடது காஸ்டர் கீழ் எல்லையிலும் வலது காஸ்டர் மேல் எல்லையிலும் நின்றால் இரண்டுமே பச்சைதான். வண்டி இடதுபக்கம் இழுக்கும். நிறத்தைப் பார்க்காமல் எண்ணைப் படியுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள்.

வேலைக்கு முன் எடுத்த சீட்டு, பின் எடுத்த சீட்டு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். லிப்ட் போட்ட வண்டியை கம்பெனி சர்வீஸில் தொட மறுப்பது உண்டு, அவர்கள் மேல் தப்பில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது, இன்ஷூரன்ஸிலும் கேள்வி வரும். ஏற்கெனவே உயர்த்திவிட்டீர்கள் என்றால், காஸ்டரைத் திருத்தும் பாகங்களின் செலவையும் லிப்ட்டின் விலையிலேயே சேர்த்துக் கணக்கிடுங்கள். அதற்குப் பணம் இல்லையென்றால் உயரத்தைக் குறையுங்கள். புது ஸ்பிரிங் 500 கிலோமீட்டர் ஓடுவதற்குள் கொஞ்சம் உட்காரும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் உட்காராது. அப்போது டேப்பை எடுத்து உயரத்தை மறுபடி அளந்து, அதன் பிறகு இறுதி அலைன்மென்ட்டுக்குப் போங்கள்.