டாங்கிக்கு முன்னால் வரும் கடவுச்சீட்டு

பன்னாட்டுச் சட்டம் கற்பிக்கும் எனக்கு ஆண்டுதோறும் விடைத்தாள்களில் ஒரே வாக்கியம் வந்து சேர்கிறது: ‘2008 ஆகஸ்டில் ரஷ்யா ஜார்ஜியாவுக்குள் நுழைந்தது.’ இம்முறை பதினோராவது தாளிலும் அதையே கண்டபோது சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன். தேதியில் பிழையில்லை, டாங்கி எல்லையைத் தாண்டும் நாளில்தான் வல்லரசு அண்டை நாட்டுக்குள் நுழைகிறது என்ற எண்ணம்தான் பிழை.

அப்காசியாவும் தெற்கு ஒசேத்தியாவும் சட்டப்படி ஜார்ஜியாவின் பகுதிகள். 1990களின் போர்களுக்குப் பிறகு அமைதிப்படை என்ற பெயரில் ரஷ்யத் துருப்புகள் அங்கே இருந்தன. மக்கள் கையில் இருந்தவையோ மறைந்துபோன சோவியத் நாட்டின் ஆவணங்கள். 2002 முதல் மாஸ்கோ அவர்களுக்குப் பெருமளவில் ரஷ்யக் கடவுச்சீட்டு வழங்கியது. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓய்வூதியமும் வெளிநாட்டுப் பயணமும் அந்தச் சிறு புத்தகத்துக்குள் இருந்தன. கொடுத்தவர்களின் கணக்கு வேறு. பெரும்பான்மையினர் ரஷ்யக் குடிமக்களாகிவிட்ட நிலையில், 2008இல் படை நகர்ந்தபோது, குடிமக்கள் எங்கிருந்தாலும் அவர்களது உயிரைக் காப்பது தம் கடமை என்று அப்போதைய ரஷ்ய அதிபர் மெத்வெதேவ் அறிவித்தார். அயல்நாட்டு மண்ணில் குடிமக்களை உண்டாக்கிக்கொண்டு, பிறகு அவர்களைக் காக்கப் புறப்படுவதைத் தற்காப்பு என்று எழுதினால் நான் மதிப்பெண் தருவதில்லை. 2009இல் ஹைடி தாக்லியாவினி தலைமையிலான ஐரோப்பிய ஒன்றிய விசாரணைக் குழுவும் இப்படி மொத்தமாகப் பலருக்கும் குடியுரிமை வழங்குவது பன்னாட்டுச் சட்டத்துக்கு முரணானது என்றே கூறியது. (தெற்கு ஒசேத்தியாவின் தலைநகரான ஸ்கின்வாலியை ஜார்ஜியா பீரங்கிகளால் தாக்கியதில்தான் வெளிப்படையான போர் தொடங்கியது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. தமக்கு வேண்டிய பாதியை மட்டும் படிப்பவர்கள் இரு தரப்பிலும் உண்டு.)

உக்ரைனிலும் இதுவே நடந்தது. 2019 ஏப்ரல் 21 அன்று அதிபர் தேர்தலில் செலென்ஸ்கி வென்றார். மூன்றே நாளில், கிழக்கு உக்ரைனின் தொன்யெத்ஸ்க், லுஹான்ஸ்க் பகுதியினர் எளிதாக ரஷ்யக் குடியுரிமை பெற வழிசெய்யும் ஆணையில் புடின் கையெழுத்திட்டார். அதற்கும் முன்பே, 2010இல், எரிவாயு விலைத் தள்ளுபடிக்கு ஈடாக, கிரிமியாவின் செவஸ்தபோலில் உள்ள ரஷ்யக் கடற்படைத் தளத்தின் குத்தகை 2042 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. நான்கே ஆண்டுகளில் கிரிமியாவே ரஷ்யாவின் கைக்குப் போனது.

ஆகவே செய்தித்தாளில் படை எண்ணிக்கையை மட்டும் தேடாதீர்கள். தளக் குத்தகை எப்போது முடிகிறது, எரிவாயுவை யார் என்ன விலைக்கு விற்கிறார், அமைதிப்படையை அனுப்பியது யார், எல்லையோர மக்களுக்கு எந்த நாட்டுக் கடவுச்சீட்டு கிடைக்கிறது என்று பாருங்கள். வரைபடத்தில் அம்புக்குறி போடுவதைத் தயவுசெய்து அதன் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தேர்வில் 2008க்கு முன்னால் 2002 என்று எழுதுபவருக்கு நான் ஒரு மதிப்பெண் கூடுதலாகவே தருகிறேன்.