கெட்டில்பெல் ஸ்விங்கும் முதுகுவலியும்

"ஜிம்முல கெட்டில்பெல் சுத்தினேன், முதுகு பிடிச்சிக்கிச்சு" என்று பிசியோதெரபிக்கு வருபவர்களிடம் முதலில் ஸ்விங்கை, அதாவது பிடி வைத்த அந்த இரும்புக் குண்டைத் தொடைகளுக்கு நடுவிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு வீசும் பயிற்சியை, வெறுங்கையோடு செய்து காட்டச் சொல்வேன். பெரும்பாலும் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்து, கையை முன்னால் தூக்கிக் காட்டுவார்கள். பாதி ஸ்க்வாட், பாதி தோள்பட்டைப் பயிற்சி.

ஸ்விங்கில் உழைக்க வேண்டியவை பிட்டத் தசையும் பின்தொடைத் தசையும்தான். முட்டி லேசாக வளைந்தால் போதும். மடங்குவது இடுப்பு மூட்டு. இரண்டு கையிலும் பையை வைத்துக்கொண்டு பீரோக் கதவைப் பின்பக்கத்தால் தள்ளிச் சாத்துவோமே, அந்த அசைவு. சுவருக்கு ஒரு அடி முன்னால் நின்று, பிட்டம் சுவரைத் தொடும்வரை பின்னால் தள்ளிப் பழகுங்கள். முதுகோடு ஒரு மாப் கம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு ஆகிய மூன்றிலும் கம்பு ஒட்டியே இருக்க வேண்டும். குனியும்போது எங்காவது விலகினால் முதுகு வளைகிறது என்று அர்த்தம். இது சரியாக வரும்வரை குண்டைத் தொட வேண்டாம். அப்புறம் டெட்லிஃப்ட் (தரையில் இருக்கும் குண்டை இடுப்பை மடக்கிப் பிடித்து, நிமிர்ந்து தூக்குவது), அதற்குப் பிறகே ஸ்விங்.

குண்டு உங்களுக்கு ஒரு அடி முன்னால் இருக்கட்டும். இடுப்பை மடக்கிப் பிடியைப் பற்றி, தொடைகளுக்கு நடுவே பின்னால் இழுத்து விடுங்கள். முன்கை உள்தொடையில், முட்டிக்கு நன்றாக மேலே உரச வேண்டும்; குண்டு முட்டிக்குக் கீழே தொங்கினால் பாரம் கீழ்முதுகில் விழும். அங்கிருந்து பிட்டத்தை இறுக்கி வெடுக்கென்று நிமிருங்கள், மூச்சும் அப்போதே வெளியேறட்டும். அந்த விசையில் குண்டு தானாக நெஞ்சு உயரத்துக்கு வரும். நிமிர்ந்த பிறகு முதுகைப் பின்னால் வளைப்பது இன்னொரு கெட்ட பழக்கம்.

கை தூக்குகிறதா, இடுப்பு தள்ளுகிறதா என்று சந்தேகமா? பிடிக்குள் ஒரு துண்டை நுழைத்து அதன் இரு முனைகளையும் பிடித்து வீசிப் பாருங்கள். இடுப்பு தள்ளினால் துண்டும் குண்டும் ஒரே கோட்டில் நிற்கும். கையால் தூக்கினால் குண்டு கீழே தொங்கும்.

எடை விஷயத்தில் ரொம்பப் பயப்படுவதும் சரியில்லை. 4 கிலோ குண்டைக் கையாலேயே தூக்கிவிடலாம், அதனால் தப்பு வெளியே தெரியாது. இந்தக் குண்டுகளின் எடைகள் ரஷ்யாவின் பழைய 'பூட்' என்ற எடை அளவையில் வந்தவை. ஒரு பூட் சுமார் 16 கிலோ. அதனால்தான் 16, 24, 32 என்ற வரிசை. ஆரோக்கியமான பெண்களுக்கு 8 அல்லது 12 கிலோவும், ஆண்களுக்கு 12 அல்லது 16 கிலோவும் தொடங்கப் போதும். ஒரு செட்டுக்குப் பத்து. எட்டாவதிலேயே முதுகு வளைந்தால் எட்டோடு நிறுத்துங்கள். முடித்ததும் குண்டைத் 'தொப்'பென்று குனிந்து வைக்காதீர்கள். பயிற்சி முடிந்த நிம்மதியில் முதுகைப் பிடித்துக்கொள்பவர்கள் உண்டு. எடுத்த விதமாகவே இடுப்பை மடக்கி இறக்கி வையுங்கள்.

குஷன் வைத்த ஓட்டக் காலணியைவிடத் தட்டையான காலணியோ வெறுங்காலோ மேல்.

டிஸ்க் பிரச்சினை, குடலிறக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. மறுநாள் பிட்டமும் பின்தொடையும் வலிப்பது சாதாரணம். வலி காலில் இறங்கினால், கால் மரத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வந்து காட்டுங்கள். அதோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் பிசியோதெரபிக்கு வர வேண்டாம், அன்றே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.