இடுப்பில் வளையம் எப்படி நிற்கிறது?

ஹூலா ஹூப் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் இடுப்பை வட்டமாகச் சுழற்றுவார்கள். சில நொடிகளில் வளையம் காலடியில் கிடக்கும். நல்ல ஆசிரியர் சொல்லித் தருவது வேறு: ஒரு காலைச் சற்று முன்னால் வை, வளையத்தை முதுகோடு ஒட்டிப் பிடி, தரைக்கு இணையாக வேகமாகத் தள்ளிவிடு, பிறகு உடலை முன்னும் பின்னும் மட்டும் அசை. வட்டமாகச் சுற்றும் பொருளுக்கு இந்த நேர்கோட்டு அசைவு எப்படிப் போதும்?

வளையம் உடலைச் சுற்றி உருளும்போது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் தொடுகிறது. அந்தத் தொடுபுள்ளி வயிற்றுக்கு வரும்போது உடல் முன்னோக்கிப் போனால் வளையத்துக்கு ஓர் உந்துதல். முதுகுக்குப் போகும்போது உடல் பின்னோக்கிப் போனால் இன்னொன்று. உராய்விலும் காற்றிலும் இழந்த ஆற்றலை ஈடுகட்ட, சுற்றுக்கு இந்த இரண்டு உந்துதல்கள் போதும். நேரம் தவறினால் அதே அசைவு வளையத்துக்குத் தடையாகிவிடும்.

ரமேஷ் பாலசுப்ரமணியம், மைக்கேல் டர்வி ஆகிய இருவரும் வளையம் சுற்றுவோரின் கணுக்கால், முழங்கால், இடுப்பு அசைவுகளை அளந்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பார்க்கக் குழப்பமாக இருக்கும் அசைவு பெரும்பாலும் இரண்டே கூறுகளில் அடங்கிவிட்டது. முன்பின் ஆட்டத்தை இடுப்பும் கணுக்காலும் கவனிக்கின்றன. வளையத்தை மேலே தாங்கும் வேலை முழங்காலுடையது. அந்த ஆண்டே அவர்களுக்கு இயற்பியலுக்கான இக் நோபல் கிடைத்தது. சிரிக்க வைத்துவிட்டுச் சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது; சிரித்தவர்கள் ஒருமுறை வளையத்தை எடுத்துச் சுற்றிப் பார்த்திருக்கலாம்.

சுற்றுவது சரி, கீழே விழாமல் இருப்பது எப்படி? திருவிழா மரணக் கிணற்றில் பைக்கைத் தாங்குவது சுவருக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு. வளையத்துக்கும் அதுவே போதும் என்றுதான் தோன்றும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் லீஃப் ரிஸ்ட்ரோஃப் குழுவினர் மனித உடலில் பத்தில் ஒரு பங்கு அளவில் உருவங்களை முப்பரிமாணமாக அச்சிட்டு, மோட்டாரால் ஆட்டி, வளையம் சுற்ற வைத்தார்கள். நேரான உருளையில் வளையம் மெல்ல இறங்கி விழுந்தது. கூம்பிலும் ஓரிடத்தில் நிற்கவில்லை. நடுவில் ஒடுங்கி, கீழே அகன்ற உருவத்தில் மட்டும் நின்றது. குறுக்குவெட்டு வட்டமா நீள்வட்டமா என்பது பெரிய வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை.

காரணம் சரிவு. ஒடுங்கிய இடைக்குக் கீழே உடல் வெளிப்புறமாக விரிவதால், அங்கே உடல் வளையத்தைத் தள்ளும் விசை சற்று மேல்நோக்கியும் சாய்ந்திருக்கும். வளையம் நழுவி இறங்கினால் இன்னும் சரிவான இடத்துக்கு வரும், மேல்விசை கூடும், ஏறினால் குறையும். தானாகவே ஓர் உயரத்தில் நிலைகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மீட்டர் விட்டமுள்ள வளையம், 30 செ.மீ. அகல இடுப்பு, நொடிக்கு 2 சுற்று என்றால், உடல் வளையத்தைத் தள்ளும் விசை அதன் எடையைப் போல ஐந்தரை மடங்கு. உராய்வை விட்டுவிட்டால்கூட செங்குத்திலிருந்து 10 டிகிரி சரிவு போதும். வேகம் நொடிக்கு ஒரு சுற்றாகக் குறைந்தால் 35 டிகிரி வேண்டும். அப்படிப்பட்ட இடுப்பு யாருக்கு இருக்கிறது? அதே 10 டிகிரி சரிவில் 70 செ.மீ. வளையத்தை நிறுத்த, நொடிக்கு இரண்டரைச் சுற்றுக்கு மேல் ஆடியாக வேண்டும். 1958இல் வாம்-ஓ நிறுவனம் அமெரிக்காவில் பரப்பிய ஹூலா ஹூப் சிறுவர்களுக்கான பொம்மை. அத்தகைய சின்ன வளையத்தோடு தொடங்கும் பெரியவர்கள் "எனக்கு இடுப்பு வளையாது" என்று விட்டுவிடுகிறார்கள். பழி இடுப்பின் மேல் விழுகிறது, பிரச்சினை விட்டத்தில் இருக்கிறது. ஹூப் டான்ஸ் ஆசிரியர்கள் பாசனக் குழாயை வளைத்துப் பெரிய வளையம் செய்து கொடுப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கில் வளையத்தின் எடை அடிபட்டுப் போகிறது. ஆனாலும் கனமான வளையம் பழகுபவருக்கு உதவும்: காற்றில் இழக்கும் பங்கு குறைவு, தொடுபுள்ளி எங்கே இருக்கிறது என்று உடம்புக்கும் தெளிவாகத் தெரியும். வழுக்கும் துணியைவிடப் பருத்தி நல்லது. வளையத்தில் சொரசொரப்பான டேப் சுற்றுவதும் உராய்வுக்காகத்தான்.

கை, தோள், முழங்கால் என்று வளையத்தைக் கடத்தி ஆடும் நிலைக்கு வந்ததும் தேவை தலைகீழாகிறது: சின்ன வளையமே வசதி. அங்கே நொடிக்கு நொடி திசை மாற்ற வேண்டும். ஒரே குழாயில் செய்த 100 செ.மீ. வளையத்தோடு ஒப்பிட்டால், 70 செ.மீ. வளையம் சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான்.