லைசென்ஸ்: உரிமமா, அனுமதியா?

'லைசென்ஸ்' என்ற சொல்லின் மூலம் லத்தீன் 'லிசென்ஷியா'. 'அனுமதி உண்டு' என்று பொருள்படும் 'லிசேரே' என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டில் ஓட்டுநர் உரிமம் என்கிறோம். இலங்கையில் சாரதி அனுமதிப்பத்திரம். லத்தீன் பொருளுக்கு நெருக்கமானது இலங்கைச் சொல்தான். 'உரிமம்', 'உரிமை' இரண்டுக்கும் வேர் ஒன்று என்பதால் தமிழ்நாட்டுச் சொல்லில் உரிமையின் சாயல் ஒட்டிக்கொள்கிறது.

அமெரிக்கச் சட்ட வழக்கிலோ வண்டி ஓட்டுவது மாநிலம் தரும் சலுகை. யூட்டா மாநிலம் குடியேற்ற அனுமதி இல்லாதவர்களுக்கு 2005 முதல் தரும் அட்டையின் பெயரே 'டிரைவிங் பிரிவிலேஜ் கார்டு'. 'ஓட்டுச் சலுகை' என்று எழுதினால் தேர்தல் நினைவு வரும். 'வண்டியோட்டும் சலுகை அட்டை' தேவலை.

இப்படிக் குடியேற்ற அனுமதி இல்லாதவர்களை ஆங்கிலத்தில் குறிக்கும் 'அன்டாக்குமென்டட்' என்பதை 'ஆவணமற்றவர்' என்று பெயர்ப்பதுதான் பெரிய பிழை. அவர்களுக்கும் லைசென்ஸ் தரும் கலிபோர்னியாவின் ஏபி 60 சட்டத்தைப் பாருங்கள்: 2013-இல் கையெழுத்தாகி, 2015 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. இதன்கீழ் விண்ணப்பிப்பவர் தன் அடையாளத்துக்கும் கலிபோர்னியாவில் குடியிருப்பதற்கும் சான்று காட்டியே ஆக வேண்டும். சில நாட்டு பாஸ்போர்ட்டுகள் தனியாகவே போதும். மற்றவற்றோடு இன்னோர் ஆவணமும் கேட்பார்கள். வசிப்பிடத்துக்கு வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது போன்றவை. ஆங்கிலத்தில் இல்லாத ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். ஆவணம் போதாதென்றால் இரண்டாம் கட்டப் பரிசீலனை என்று நேர்காணலுக்கு அனுப்புவார்கள். இவரிடம் இல்லாதது குடியேற்ற அனுமதி மட்டுமே. ஆகவே 'குடியேற்ற அனுமதி இல்லாதவர்' என்பதே சரியான சொல்.

பிறகு எல்லாரையும்போல பெருவிரல் ரேகை, புகைப்படம், பார்வைச் சோதனை, எழுத்துத் தேர்வு. கடைசியாகச் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். முன்பு வேறு பெயரிலோ பிறருடைய சமூகப் பாதுகாப்பு எண்ணிலோ (அமெரிக்க அரசு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரும் எண்) லைசென்ஸ் எடுத்தவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்: பழைய பதிவு வெளிப்பட்டால் மோசடி விசாரணை வரலாம். அப்படிப்பட்டவர் விண்ணப்பிக்கும் முன்பே குடியேற்ற வழக்கறிஞரைப் பார்ப்பது நல்லது.

அட்டையில் 'ஃபெடரல் லிமிட்ஸ் அப்ளை' என்று அச்சிட்டிருக்கும். 'ஒன்றிய அரசின் வரம்புகளுக்கு உட்பட்டது' எனலாம். மாநிலங்கள் தரும் அடையாள அட்டைகளுக்குத் தரம் வகுத்து 2005-இல் வந்த ரியல் ஐடி சட்டத்தின் விளைவு இது: ஒன்றிய அரசின் அலுவல் தேவைகளுக்கு இந்த அட்டை அடையாளச் சான்றாகாது. அந்தத் தரத்திலான ரியல் ஐடி அட்டை எடுக்காத குடிமக்களின் கலிபோர்னிய அட்டையிலும் இதே வரிதான். ஆகவே வரியை மட்டும் பார்த்து ஒருவரின் குடியேற்ற நிலையைச் சொல்ல முடியாது.