புதினா: மின்ட்டும் இல்லை, புதினமும் இல்லை

வடசென்னையில், தண்டையார்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். கண்டக்டர் "மின்ட், மின்ட்லாம் எறங்கு" என்று குரல் கொடுத்தார். கூட வந்த அக்கா மகள், ஐந்தாம் வகுப்பு, ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "மாமா, இங்க முன்னாடி புதினாத் தோட்டம் இருந்துச்சா?"

கேள்வியில் தப்பே இல்லை. ஆங்கிலத்தில் செடியும் மின்ட்தான், காசு அடிக்கிற இடமும் மின்ட்தான். ஆனால் இரண்டுக்கும் சொந்தம் கிடையாது. காசு மின்ட், இலத்தீனில் 'மொனேட்டா' என்ற சொல்லிலிருந்து வந்தது. ரோமாபுரியில் ஜூனோ மொனேட்டா கோயிலை ஒட்டிக் காசு அடித்தார்கள். கோயில் பேரே காசுக்கும் ஒட்டிக்கொண்டது. செடி மின்ட்டுக்கு வேர் இலத்தீனின் 'மெந்தா', அதற்கும் பின்னால் கிரேக்கத்தின் 'மிந்தே'. மிந்தே ஒரு நீர்த்தேவதை. பாதாள ராஜா அவள்மேல் ஆசைப்பட, ராணி அவளைக் காலால் மிதித்துத் துவைக்க, அவள் செடியாகிவிட்டாள் என்பது கதை. கசக்கினால்தான் மணக்கும் செடிக்குப் பொருத்தமான கதைதான்.

நம்ம மின்ட்டில் இருந்தது கம்பெனிக் காலத்து நாணயச் சாலை. அது மூடப்பட்டபின் அரசு அச்சகம் வந்தது. தமிழில் தங்கசாலை. இதைத் தங்க ரோடு என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. இங்கே சாலை என்றால் ரோடு அல்ல. பாடசாலை, தொழிற்சாலையில் வரும் சாலை. அதனால்தான் 'தங்கசாலைத் தெரு' என்று தெருவைத் தனியாகச் சேர்த்துச் சொல்ல முடிகிறது. பஸ் நிலையத்துக்கு வள்ளலார் நகர் என்று பேர். வள்ளலார் வாழ்ந்த ஏழுகிணறு பக்கத்தில்தான் இருக்கிறது. இத்தனை பேர் இருந்தும் வாயில் நிற்பது மின்ட் மட்டும்.

செடிக்கு வந்தால் கதை தலைகீழ். வண்ணாரப்பேட்டைக் கீரைக்காரம்மாவிடம் போய் மின்ட் என்று கேட்டால் பஸ்ஸுக்கு வழி சொல்வார். அங்கே அது புதினா. சிலர் வாயில் பொதினா. பாரசீகத்தில் 'பூதினா' என்று இருந்த சொல், உருது, இந்தி வழியாக 'புதீனா' ஆகி நம்மிடம் வந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளத்திலும் சின்னச் சின்ன மாற்றத்தோடு இதே சொல்தான். தமிழும் தெலுங்கும் உருதும் இந்தியும் ஒரே தெருவில் பேசப்படும் வடசென்னையில் மொழிபெயர்க்கத் தேவைப்படாத சொற்களில் இதுவும் ஒன்று. சவுகார்பேட்டையில் பானிபூரித் தண்ணீரைப் பச்சையாக்குவதும் இதுதான், நம் வீட்டுத் துவையலில் புளியோடு அரைபடுவதும் இதுதான்.

'புது' என்ற அடியிலிருந்து புதினா வந்தது என்று சொல்வாரும் உண்டு. காதுக்கு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த அடியில் பிறந்தது புதினம். இங்கே அதற்கு நாவல் என்று பொருள், யாழ்ப்பாணத்தில் செய்தி.

சரி, தனித்தமிழ்ப் பேர்? 'ஈயெச்சக்கீரை' என்று எழுதுகிறார்கள். ஈ, எச்சம், கீரை என்று பிரித்துப் பாருங்கள். அந்தப் பேரைக் கூவி ஒரு கட்டாவது விற்க முடியுமா? என் கணக்கில் புதினாவே போதும். வேண்டுமானால் கொத்தமல்லித் தழை மாதிரி புதினாத் தழை. ஓமவல்லியையும் திருநீற்றுப்பச்சையையும் புதினாவுக்குத் தமிழ்ப் பேராகக் காட்டுவதுதான் தப்பு. அவை வேறு செடிகள், ஆனால் துளசியையும் சேர்த்து எல்லாம் ஒரே குடும்பம். தண்டை விரலிடையில் உருட்டினால் நாலு விளிம்பு தட்டும்.

பெப்பர்மின்ட்டும் நம் புதினா அல்ல. சந்தையில் கிடைப்பது பெரும்பாலும் 'மெந்தா ஸ்பைக்கேட்டா'. ஸ்பைக்கா என்றால் இலத்தீனில் கதிர். பூ கதிர்போல நீண்டு நிற்பதால் அந்தப் பேர். நீர்ப்புதினாவும் இதுவும் கலந்து பிறந்த கலப்பினம்தான் பெப்பர்மின்ட். தொண்டையைச் சில்லென்று ஆக்கும் மென்தால் அதில் நிறைய. நம் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்ற வேறொரு பொருள். மிட்டாயின் குளிர்ச்சியைத் துவையலில் தேடினால் கிடைக்காது.

விதைக்கு அலைய வேண்டாம். வாங்கிய கட்டிலேயே தடித்த தண்டாக நாலைந்தை எடுத்து, கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, கணு மூழ்கும்படி டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் பத்து நாளுக்குள் வெள்ளை வேர் விடும். எங்கள் மொட்டைமாடியில் அது வளர்வது காசிமேட்டு மீன் தெர்மாகோல் பெட்டியில். புதினா ஆழமாகப் போகாது, தரையோடு படர்ந்து கணுவுக்குக் கணு வேர் விடும்; அகலமான பெட்டிதான் அதற்குச் சரி. உப்பும் கவுச்சியும் போக நாலு தடவை கழுவி, அடியில் ஓட்டை போட்டு, செம்மண்ணும் மண்புழு உரமும் நிரப்பினேன். முதல் தடவை போர்த் தண்ணீரையே ஊற்றினேன். உப்பு ஏறி இலை ஓரமெல்லாம் கருகிப்போனது. அப்புறம் அரிசி களைந்த தண்ணீரும் குடத்தில் மிஞ்சிய மெட்ரோ தண்ணீரும்தான். சித்திரை வெயிலில் மாடி நடுவே வைக்காமல் தண்ணீர்த் தொட்டியின் நிழலுக்குத் தள்ளிவிடுவேன். பறிக்கும்போது வேரோடு பிடுங்காமல், மண்ணுக்கு மேலே இரண்டு கணு விட்டு நறுக்கினால் பக்கத்துக்கு இரண்டாகத் துளிர்க்கும். பூ வர விட்டால் இலை சிறுத்து மணம் குறையும்.

அக்கா மகளுக்கு அன்று இதில் பாதியைத்தான் சொன்னேன். பாதாள ராணி மிதித்த கதை மட்டும் பிடித்துப்போய், மாடிக்கு வரும்போதெல்லாம் ஓர் இலையைக் கசக்கி மோந்துவிட்டு "பாவம் மாமா" என்கிறாள்.