ரெசிஸ்டரை மறந்தவரும் கருகாத எல்.இ.டி.யும்

வாசகர் ஒருவர் இரண்டு எல்.இ.டி.களின் கதையை எழுதி அனுப்பியிருக்கிறார். தினமும் வேலை முடிந்து இருட்டிய பிறகு சைக்கிளில் வீடு திரும்புகிறவர். கடையில் வாங்கிய விளக்கின் வெளிச்சம் போதவில்லை என்று தானே ஒன்று செய்யப் புறப்பட்டிருக்கிறார். 3 வாட் வெள்ளை எல்.இ.டி. ஒன்றை நான்கு பென்சில் பேட்டரிகளோடு இணைத்தார். ஒரு கணம் கண்ணைப் பறித்தது, அப்புறம் செத்துப்போனது. அதே ரக எல்.இ.டி. இன்னொன்றை, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் நான்கு டயோடுகள் வழியாகச் சைக்கிளின் பழைய டைனமோவில் கோர்த்தார். அது ஆறு மாதமாக எரிகிறது. இறக்கத்தில் பறந்தபோதும் ஒன்றும் ஆகவில்லையாம்.

அவருடைய கேள்வி இது: "பேட்டரியும் 6 வோல்ட், டைனமோவும் 6 வோல்ட். இரண்டிலுமே மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டர் போட மறந்துவிட்டேன். ஒன்று மட்டும் எப்படிப் பிழைத்தது?"

மறதியால் பிறந்த கேள்வி என்றாலும் அருமையான கேள்வி. செத்ததை முதலில் பார்த்துவிடலாம், அது சுலபம். எல்.இ.டி. ஓம் விதிக்குக் கட்டுப்பட்ட பிறவி அல்ல. வெள்ளை எல்.இ.டி. ஏறத்தாழ 3 வோல்ட்டில் எரியத் தொடங்கும். அதற்கு மேல் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே மின்னோட்டம் எகிறும். எகிறினால் சூடாகும். சூடானால் அது கேட்கும் வோல்ட்டேஜ் குறையும், அதனால் மின்னோட்டம் இன்னும் எகிறும். நான்கு பென்சில் பேட்டரிகளின் உள்தடை எல்லாம் சேர்ந்தாலும் ஓர் ஓம் பக்கம்தான் இருக்கும். ஆகவே 6 வோல்ட்டை நேராகக் கொடுத்தால் இரண்டு ஆம்பியருக்கு மேல் பாயும். எல்.இ.டி.யின் ஆயுள் அவ்வளவுதான். இடையில் 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டிருந்தால் மின்னோட்டம் அரை ஆம்பியரில் நின்றிருக்கும். அதற்கு விலையாக, மிச்சமுள்ள 3 வோல்ட்டை அந்த ரெசிஸ்டர் வெறும் சூடாக்கி வீணடித்திருக்கும்.

சரி, டைனமோவுக்கு வருவோம். இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் ஆசை.

டைனமோ என்ற பெயரே கொஞ்சம் தப்பு. நேர்திசை மின்னோட்டம் தருகிற இயந்திரத்துக்கு வைத்த பெயர் அது. சைக்கிளில் இருப்பது மாறுதிசை மின்னோட்டம் தருவது. டயரில் உரசும் சின்ன உருளை உள்ளே ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது, சுற்றிலும் கம்பிச் சுருள் அசையாமல் இருக்கிறது. காந்தத்தின் வடக்கும் தெற்கும் மாறி மாறிச் சுருளைக் கடக்க, மின்னோட்டமும் மாறி மாறித் திசை திரும்புகிறது. 1831இல் மைக்கேல் ஃபாரடே கண்டதும், நாம் பள்ளியில் படித்ததும் இதுதான். வேகமாகச் சுழற்றினால் வோல்ட்டேஜ் கூடும் என்பதும் அங்கேயே படித்தது.

அப்படியானால் இறக்கத்தில் எல்.இ.டி. கருகியிருக்க வேண்டுமே? மணிக்கு 15 கிலோமீட்டரில் 6 வோல்ட் என்றால், 45 கிலோமீட்டரில் 18 வோல்ட் ஆக வேண்டாமா?

இங்கேதான் சுருளின் பிடிவாதம் வருகிறது. கம்பிச் சுருளுக்கு மாற்றம் பிடிக்காது. அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது அதைச் சுற்றித் தனியாக ஒரு காந்தப்புலம் உண்டாகிறது. மின்னோட்டம் மாற முயன்றால் அந்தப் புலமும் மாறியாக வேண்டும். மாறும் புலமோ அதே சுருளில் எதிர்த்திசையில் ஒரு வோல்ட்டேஜைத் தூண்டுகிறது. தன் மின்தூண்டல் என்று பாடப்புத்தகம் இதைச் சொல்லும். மின்னோட்டம் எவ்வளவு அவசரமாகத் திசை மாறுகிறதோ, அவ்வளவு பலமாகச் சுருள் முரண்டு பிடிக்கும்.

இப்போது வேகமாக மிதியுங்கள். இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. காந்தம் இரண்டு மடங்கு வேகமாகச் சுழல்வதால் சுருளில் பிறக்கும் வோல்ட்டேஜ் இரண்டு மடங்காகிறது. அதே காரணத்தால் மின்னோட்டம் திசை மாறும் அதிர்வெண்ணும் இரண்டு மடங்காகி, சுருளின் எதிர்ப்பையும் இரண்டு மடங்காக்குகிறது. வோல்ட்டேஜை எதிர்ப்பால் வகுத்தால் மின்னோட்டம். தொகுதியிலும் வேகம், பகுதியிலும் வேகம். இரண்டையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது சுருளின் குணமும் காந்தத்தின் பலமும் மட்டும்.

கணக்கு பிடிக்காதவர்கள் பாரம் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வினாடி முன்னே தள்ளுகிறீர்கள், இரண்டு வினாடி பின்னே இழுக்கிறீர்கள், அப்படியே மாற்றி மாற்றி. வண்டி ஏதோ ஓர் உச்ச வேகத்தை எட்டும். அடுத்து இரண்டு மடங்கு பலத்தோடு தள்ளுங்கள், ஆனால் ஒரு வினாடிக்கு ஒருமுறை திசையை மாற்றுங்கள். பலம் இரட்டித்தது, கிடைத்த நேரமோ பாதியானது. வண்டி எட்டும் உச்ச வேகம் பழையபடியேதான் இருக்கும். வண்டியின் பாரம்தான் சுருளின் பிடிவாதம், வண்டியின் வேகம்தான் மின்னோட்டம்.

கணக்கு பிடித்தவர்களுக்கு நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சில எண்களைத் தருகிறேன். 15 கிலோமீட்டர் வேகத்தில் சுருளுக்குள் பிறப்பது 13 வோல்ட், சுருளின் எதிர்ப்பு 22 ஓம், பல்பும் கம்பியும் சேர்ந்த சாதாரண மின்தடை 15 ஓம் என்று கொள்வோம். இந்த இரண்டு எதிர்ப்புகளையும் நேராகக் கூட்டக் கூடாது. செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்களைப் போல வைத்துக் கர்ணத்தை எடுக்க வேண்டும். அது 26.6 ஓம், மின்னோட்டம் 0.49 ஆம்பியர். 30 கிலோமீட்டரில் 26 வோல்ட், 44 ஓம். கர்ணம் 46.5, மின்னோட்டம் 0.56. 60 கிலோமீட்டரில் கூட 0.58தான். வேகம் நான்கு மடங்கு கூடியும் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்குகூட ஏறவில்லை. சுருளுக்கு இந்தப் பிடிவாதம் இல்லையென்றால் அதே 60இல் மூன்றரை ஆம்பியர் பாய்ந்திருக்கும்.

ஆக, அந்த எல்.இ.டி.யைக் காத்தது டைனமோவின் சுருள். மறந்துபோன ரெசிஸ்டரின் வேலையை அது பார்த்துக்கொண்டது. ரெசிஸ்டரைப் போல மிச்சத்தைச் சூடாக்கித் தொலைக்கவும் இல்லை. காந்தப்புலத்தில் வாங்கி வைத்த ஆற்றலை ஒவ்வொரு சுற்றிலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, கம்பியின் சொந்தத் தடையில் போகும் கொஞ்சத்தைத் தவிர. டைனமோவின் மேல் எழுதியிருக்கும் 6 வோல்ட்டுக்கும் இப்போது அர்த்தம் விளங்கும். பேட்டரியின் 6 வோல்ட் அதன் பிறவிக் குணம். டைனமோவின் 6 வோல்ட், 12 ஓம் பல்பு ஒன்றை மாட்டினால் அரை ஆம்பியர் அதில் உண்டாக்கும் வோல்ட்டேஜ். 3 வோல்ட் எல்.இ.டி.யை மாட்டினால் அது தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

இதில் எந்தச் சிப்பும் கிடையாது. இங்கிலாந்தின் ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனம் சக்கரத்தின் நடுவிலேயே பொருந்தும் ஹப் டைனமோவை 1930களில் விற்றது. டிரான்சிஸ்டர் பிறந்தது 1947இல். இரும்பையும் செம்பையும் காந்தத்தையும் மட்டும் வைத்து ஒரு மின்னோட்டக் கட்டுப்பாட்டுக் கருவியைச் சக்கரத்துக்குள் ஒளித்துவைத்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் சிலிர்க்கிறது.

சின்ன வயதில் எனக்குப் புரியாமல் இருந்த ஒரு விஷயமும் இதில் அடங்கியிருக்கிறது. என் சைக்கிளின் முன் பல்பு எப்போது ஃபியூஸ் போனாலும், வீடு வந்து பார்த்தால் பின் பல்பும் போயிருக்கும். பல்பு தரமில்லை என்று திட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றுவேன். வழக்கமான 3 வாட் டைனமோவில் முன்விளக்குக்கு 2.4 வாட், பின்விளக்குக்கு 0.6 வாட். அதாவது அரை ஆம்பியரில் 0.4 முன்னே, 0.1 பின்னே. முன் பல்பு இறந்ததும் அந்த அரை ஆம்பியர் முழுவதும் பின் பல்புக்குள் போகப் பார்க்கும். 0.1 ஆம்பியருக்குப் பிறந்த பல்பு என்ன செய்யும்? பாவம், பல்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதையே திருப்பிப் பார்த்தால் வீட்டில் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கிடைக்கும். வீட்டு மின்சாரத்தில் ஷார்ட் ஆவதுதான் ஆபத்து. டைனமோவில் ஷார்ட் ஆனாலும் அரை ஆம்பியர் சொச்சம்தான், விளக்கு அணையும், அவ்வளவே. கம்பி அறுந்து ஓப்பன் ஆனால்தான் வம்பு. மின்னோட்டமே இல்லாதபோது சுருளுக்கு எதிர்க்க ஒன்றும் இல்லை, வோல்ட்டேஜ் வேகத்தோடு கட்டுக்கடங்காமல் ஏறி, பத்துக் கணக்கான வோல்ட்டுகளைத் தொடும். ஒளி துடிக்காமல் இருக்க டயோடுகளுக்குப் பின்னால், மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்துவைத்துத் தரும் 16 வோல்ட் கெப்பாசிட்டர் ஒன்றை வைத்திருந்தேன். ஒரு பள்ளத்தில் ஏறி இறங்கியபோது எல்.இ.டி.க்குப் போகும் என் அரைகுறைச் சால்டரிங் விட்டுப்போனது. அடுத்த இறக்கத்தில் பட்டென்று ஒரு சத்தம், கெட்ட நாற்றம். அன்றிலிருந்து கெப்பாசிட்டரின் குறுக்கே 12 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடு ஒன்றைப் போட்டுவிடுகிறேன், மேலே போகும் வோல்ட்டேஜை அது பிடித்துக்கொள்ளும். சால்டரிங்கையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறேன்.

கெப்பாசிட்டர் தேவையா என்றால், டைனமோவைப் பொறுத்தது. டயரில் உரசும் வகையில் உருளை சின்னது என்பதால் 15 கிலோமீட்டரிலேயே மின்னோட்டம் வினாடிக்கு 200 தடவைக்கு மேல் ஊசலாடும். கண்ணுக்குத் துடிப்பு தெரியாது. ஹப் டைனமோ சக்கரம் ஒருமுறை சுற்றினால்தான் ஒருமுறை சுற்றும், சுற்றுக்குப் பதினான்கு ஊசல் என்ற கணக்கில் அதே வேகத்தில் வினாடிக்கு 28தான். நடை வேகத்தில் எல்.இ.டி. படபடவென்று அடிப்பது நன்றாகத் தெரியும்.

டைனமோ போட்டால் மிதிக்கக் கனக்குமே என்று பலர் கேட்பார்கள். கனக்கும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. நிதானமாக ஓட்டும்போது கால்கள் 100 வாட் பக்கம் தருகின்றன. நல்ல ஹப் டைனமோ விளக்குக்காகக் கேட்பது 5, 6 வாட். உரசும் வகை கூடுதலாகத் தின்னும், அதன் இரைச்சல் சுமையை இன்னும் பெரிதாகக் காட்டும். சும்மா ஒரு வாட்டும் வராது. டைனமோவால் மோட்டாரை ஓட்டி, அந்த மோட்டாரால் டைனமோவையே சுழற்றி 'முடிவில்லா மின்சாரம்' காட்டும் வீடியோக்களை எனக்கு மாதம் ஒருவராவது அனுப்புகிறார்கள். தூண்டப்படும் மின்னோட்டம் தன்னை உண்டாக்கும் அசைவையே எதிர்க்கும் என்று 1834இல் இயற்பியலாளர் லென்ஸ் சொன்னதை இவர்களில் ஒருவராவது தன் காலாலேயே சோதித்துப் பார்க்கலாம். டைனமோவைச் சுழற்றிவிட்டு, விளக்கை இணைத்த கணத்தில் மிதி இறுகுவதை உணர்ந்தால் போதும்.

கடையில் வாங்கும் பேட்டரி விளக்கு இந்தக் கதைக்கு வெளியே நிற்கவில்லை. தரமான விளக்கைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பட்டாணி அளவில் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். பக்கத்திலுள்ள சிப் அதற்குப் போகும் மின்சாரத்தை வினாடிக்கு லட்சக்கணக்கான தடவை திறந்து மூடும். மாற்றத்தை எதிர்க்கும் சுருளோ மின்னோட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். அதே பிடிவாதம், சிறிய உருவில். மலிவு விளக்குகளில் சுருள் இருக்காது, ஒரு ரெசிஸ்டரோடு முடித்துவிடுவார்கள். பேட்டரி இறங்க இறங்க வெளிச்சமும் மங்கும். வாசகருக்குப் போதாமல் போன விளக்கு இந்த ரகமாக இருந்திருக்கலாம்.

அல்லது வெளிச்சம் இருந்தும் தரையில் விழாமல் போயிருக்கலாம். பெட்டியில் போடும் லூமென், மொத்தம் எவ்வளவு ஒளி வருகிறது என்பதை மட்டும் சொல்லும், எங்கே போகிறது என்பதைச் சொல்லாது. டார்ச் மாதிரி வட்டமாகப் பரப்பும் விளக்கு பாதி ஒளியை எதிரே வருகிறவர் கண்ணுக்கும் மர உச்சிக்கும் அனுப்பிவிடும். சுவருக்கு எதிரே நிறுத்தி, ஒளியின் மேல் விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே விழும்படி சாய்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

வெள்ளை எல்.இ.டி. பற்றியும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அது நீல எல்.இ.டி.யின் மேல் மஞ்சள் ஒளிர் பூச்சு பூசியதுதான். நீலத்துக்காகக் காலியம் நைட்ரைடு என்ற குறைகடத்தியை நம்பி, மற்றவர்கள் கைவிட்ட பிறகும் ஆண்டுக்கணக்கில் உழைத்த அகாசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. மூன்று ஆண்டில் என்ன பலன் என்று கேட்டுப் பணம் தரும் குழுவின் முன் அவர்கள் நின்றிருந்தால் நாம் இன்னும் மஞ்சள் பல்பை வைத்துக்கொண்டு பள்ளம் தேடிக்கொண்டிருப்போம். ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்குகிறவர்கள் இரவில் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்பது என் சொந்தக் கருத்து.

வாசகர் கடைசியாகக் கேட்டது: இன்னொரு எல்.இ.டி. சேர்க்கலாமா, வண்டி நின்றாலும் விளக்கு அணையாமல் இருக்க என்ன வழி? சேர்க்கலாம், ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக. அரை ஆம்பியர் அப்படியே இருக்க, வெளிச்சம் இரட்டிக்கும். முழு ஒளி வர முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகம் தேவைப்படும், அவ்வளவுதான். நிற்கும்போது சிவப்புப் பின்விளக்கு எரிய 1 ஃபாரட் சூப்பர் கெப்பாசிட்டர் போதும். 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட் வரை இறங்குவதற்குள் 10 மில்லி ஆம்பியர் கணக்கில் ஐந்து நிமிடம் கொடுக்கும். நான் அதோடு கடையில் வாங்கிய பேட்டரிப் பின்விளக்கு ஒன்றையும் தனியாக மாட்டியிருக்கிறேன். முன்விளக்கு அணைந்தால் உடனே தெரிந்துவிடும். முதுகுக்குப் பின்னால் இருப்பது அணைந்தது வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.