'ஒண்ணுமில்லை' எத்தனை நாள் நிற்கிறது?

காரைக்குடியில் எங்கள் வீட்டு வளவில், தூணோரம் ஒரு நாற்காலி கிடக்கும். விடிந்ததும் அப்பச்சி (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) அதில் உட்கார்ந்து பிரஷர் மெஷின் பட்டையைக் கையில் சுற்றுவார். உர்ரென்று காற்று ஏறும். 142. முகம் மாறிவிடும். உடனே மறுபடியும் பட்டன். 151. "தம்பி, இங்க வா, ஏறிக்கிட்டே போகுது." மூன்றாவது தடவை 158.

மெஷின் சரியாகத்தான் இருந்தது. முதல் எண்ணைப் பார்த்துப் பதறியதுமே அட்ரீனலின் சுரந்துவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, அழுத்தம் கூடுகிறது. அப்பச்சி ரத்த அழுத்தத்தோடு தன் பயத்தையும் சேர்த்து அளந்துகொண்டிருந்தார். ஐந்து நிமிடமாவது பேசாமல் உட்கார்ந்த பிறகு அளக்கச் சொல்வதே இதனால்தான்.

'எனக்குப் பெரிய நோய் இருக்குமோ' என்று ஓயாமல் பயப்படுவதும் ஒரு மனநலப் பிரச்சினைதான். அந்தப் பயம் எப்படி உடம்பில் புதிய அறிகுறியைக் கிளப்பும் என்று நீங்களே பார்க்கலாம். எச்சிலை நான்கைந்து தடவை விடாமல் விழுங்குங்கள். எச்சில் தீர்ந்ததும் தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி இருக்கும். "தொண்டையில் கட்டியோ?" என்று பயந்தவர் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிக்கொண்டே இருந்தால் அந்த இடம் வலிக்கும், சில சமயம் வீங்கவும் செய்யும். வலி நிஜம். அதனால் இவர்களைப் பார்த்து "சும்மா நடிக்கிறார்" என்பது பெரிய அநியாயம்.

அப்புறம் அந்த 'முழு உடல் பரிசோதனை' ரிப்போர்ட். அப்பச்சி அவற்றை ஒரு மஞ்சப்பை நிறைய வைத்திருந்தார். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வரும் எண் ஒவ்வொன்றுக்கும் அடியில் பேனாவால் கோடு. பல பரிசோதனைகளில் 'நார்மல்' எல்லையை ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் உள்ளே வருகிற மாதிரி வகுக்கிறார்கள். ஆக, நலமாக இருப்பவருக்கே இருபதில் ஒன்று வெளியே போகலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளைச் செய்தால், குறைந்தது ஒன்றாவது எல்லை தாண்டும் வாய்ப்பு சுமார் 64 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்கே திக்கென்றது. நோய்க்குறி ஏதும் இல்லாதவர் பாக்கேஜ் பாக்கேஜாக எடுப்பது பயத்துக்குத் தீனி போடுவதுதான்.

டாக்டர் "ஒண்ணுமில்லை" என்றதும் மனசு லேசாகும். அந்த நிம்மதியே வலை. பயம் வந்தால் கேள், கேட்டால் நிம்மதி என்று மூளை பழகிவிடுகிறது. அடுத்த முறை பயம் வந்ததும் கேட்காமல் இருக்க முடிவதில்லை. எனவே நான் கவனிக்கச் சொல்லும் முதல் அடையாளம், அந்த "ஒண்ணுமில்லை" எத்தனை நாள் நிற்கிறது என்பது. நல்ல பதில் வீட்டு முகப்பைத் தாண்டுவதற்குள் கரைந்துவிடுகிறதா? "வேற டாக்டரைப் பார்ப்போமா" என்று தோன்றுகிறதா? ராத்திரி போனில் நோயின் பெயரைத் தேடுவது, இறப்பு வீட்டுக்குப் போகவே அஞ்சுவது, வேலையில் மனம் ஒட்டாதது எல்லாம் இதோடு சேரும். நேர்மாறாக, ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாதவர்களுக்கும் இதே பிரச்சினை இருக்கலாம்.

2013-இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற மனநலக் கையேடு, பழைய 'ஹைப்போகாண்ட்ரியா' என்ற பெயரை விட்டுவிட்டு இதை இரண்டாகப் பிரித்தது: உடல் அறிகுறிகள் அதிகம் இருந்தால் உடல் அறிகுறிக் கோளாறு, அறிகுறி இல்லாமலோ லேசாகவோ இருந்து பயமே பெரிதாக இருந்தால் நோய்ப் பதற்றக் கோளாறு. நோய்ப் பதற்றக் கோளாறு என்று சொல்ல, அந்தப் பயம் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல்.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். திடீரென்று நெஞ்சை அழுத்தும் வலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது இதெல்லாம் வந்தால் பயமா நோயா என்று யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இந்த நோய்ப் பயத்துக்குச் சிகிச்சை இருக்கிறது. சிபிடி என்ற பேச்சு சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

அப்பச்சிக்கு டாக்டர் சொன்னது வாரம் ஒரு தடவை மட்டும் அளக்க வேண்டும் என்று. முதல் வாரம் அவர் பட்ட பாட்டைப் பார்க்க முடியவில்லை. நாற்காலிக்கும் அலமாரிக்கும் நடையாய் நடந்தார். "அரை மணி நேரம் கழிச்சு எடுப்போம் அப்பச்சி" என்பேன். அரை மணி கழியும்போது பாதி நாள் அந்த நினைப்பே போயிருக்கும். இப்போது மெஷின் ஆத்தாவின் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் வெளியே வரும்.